ஓதத் தெரிந்த அரபும் பேச வேண்டிய அரபும்



நம் மாத்தளை மாவட்டத்தில் உக்குவளை, வரக்காமுறை, றத்தோட்டை, கலேவெல என்று எந்த முஸ்லிம் ஊருக்குள் நீங்கள் போனாலும் ஒரு வீட்டைக் காட்டி, "இது சவூதிச் சல்லியில் கட்டியது" என்று சொல்வார்கள். அதற்கு இரண்டு வீடு தள்ளி, உம்மா குவைத்தில் இருப்பதால் உம்மும்மாவிடம் வளரும் பிள்ளைகள் இருக்கும். மிளகுக்கும் கராம்புக்கும் விலை விழுந்த வருடங்களில் கட்டுநாயக்காவுக்குப் போகும் வேன்கள் கூடும். இது நம் ஊர்களின் கதை. இதை யாரும் மறுக்க முடியாது.

பெண்கள் மஹ்ரமின்றிக் கடல் கடந்து வேலைக்குப் போவது சரியா என்ற கேள்வியை இங்கே விரித்துப் பேசப் போவதில்லை. சின்னப் பிள்ளைகளை விட்டுவிட்டுத் தாய் போகக் கூடாது என்பதே என் கருத்து. ஆனால் கடனும் வறுமையும் வாசலில் நிற்கும்போது போகிறவர்கள் போய்க்கொண்டுதான் இருக்கிறார்கள். அவர்கள் போய் இறங்கியதும் முட்டிக் கொள்ளும் முதல் சுவரைப் பற்றியே இந்தக் கட்டுரை. அந்தச் சுவர் மொழி.

"அரபு நமக்குத் தெரியாததா? ஐந்து வயதிலிருந்து ஓதுகிறோமே!" என்று பலர் நினைக்கிறார்கள். சிங்களச் சகோதரிகளை விட நாம் ஒரு படி மேலே என்றும் ஓர் எண்ணம் இருக்கிறது. குர்ஆனைத் தஜ்வீதுடன் ஓதத் தெரிந்த பெண்ணுக்கு எழுத்து தெரியும், ஓசை தெரியும். அது பெரிய சொத்துத்தான். ஆனால் வீட்டுக்காரி சமையலறை வாசலில் நின்று "ஜீப் மோயா!" என்றால் அவள் என்ன செய்வாள்? "தண்ணீர் கொண்டு வா" என்பது அதன் பொருள். குர்ஆனில் தண்ணீர் "மாஃ". ஜித்தாவில் அது "மோயா". கொண்டு வருவதற்குக் கிதாபில் உள்ள சொல் "அஹ்ளிர்". பேச்சில் அந்தச் சொல்லை யாரும் தேட மாட்டார்கள், "ஜீப்" என்றுதான் சொல்வார்கள்.

ஏழு வருடம் அரபுக் கல்லூரியில் நஹ்வும் ஸர்ஃபும் படித்த ஆலிமுக்கும் இதே கதிதான். பிக்ஹுக் கிதாபில் பைஉ பாடத்தை வரிவரியாக விளக்குவார். றியாத் சந்தையில் ஒரு கிலோ தக்காளியைப் பேரம் பேசி வாங்கச் சொன்னால் திணறுவார். "பார்" என்பதற்கு "உன்ளுர்" என்று படித்தோம், அங்கே "ஷூஃப்" என்கிறார்கள். "போ" என்பதற்கு "இத்ஹப்" என்று படித்தோம், அங்கே "ரூஹ்". "இப்போது" என்பது கிதாபில் "அல்ஆன்", ஜித்தாவில் "தஹ்ஹீன்", குவைத்தில் "அல்ஹீன்". "உனக்கு என்ன வேண்டும்?" என்று கேட்க ஜித்தாவாசி "ஈஷ் திப்கா" என்பார், றியாத்வாசி "வேஷ் தபி" என்பார், குவைத்துக்காரர் "ஷினூ தபி" என்பார். மூன்றையும் மீஸான் தராசில் நிறுத்துப் பார்த்தால் ஸர்ஃப் உஸ்தாதுக்குத் தலைவலிதான் மிஞ்சும்! நாம் பள்ளிக்கூடத்தில் படித்த தமிழையும் வீட்டில் "என்ன செய்றீங்க" என்று பேசும் தமிழையும் நினைத்துப் பாருங்கள். அதே வித்தியாசம்தான், இன்னும் கொஞ்சம் கூடுதலாக.

சோறா, ரொட்டியா?

சில சொற்கள் தெரியாததால் தொல்லை தருவதில்லை, தெரிந்ததாக நாம் நினைப்பதால்தான் தொல்லை தருகின்றன. "லபன்" என்றால் பால் என்று ஓதிப் படித்தவர்கள் நாம். குர்ஆனிலும் ஹதீஸிலும் அப்படித்தான். வளைகுடா நாடுகளில் லபன் என்றால் மோர். பாலுக்கு "ஹலீப்" என்று கேட்க வேண்டும். கைக்குழந்தைக்குப் போத்தல் கரைக்கும் வீட்டில் இது விளையாட்டுக் காரியமல்ல. "அய்ஷ்" என்றால் எகிப்தியர் வீட்டில் ரொட்டி, வளைகுடாக்காரர் பலரின் வீட்டில் சோறு. எஜமானி எந்த நாட்டுப் பெண் என்று தெரியாமல் அடுப்பில் உலை வைக்க முடியாது. "ஸக்கிர்" என்றால் கதவை மூடு, "ஸுக்கர்" என்றால் சீனி. நாம் "சீனி வருத்தம்" என்கிறோமே, அவர்களும் அந்த நோயை "ஸுக்கர்" என்றே சொல்வார்கள். இதில் மட்டும் நமக்கும் அவர்களுக்கும் ஒரே பாஷை.

உச்சரிப்பையும் கொஞ்சம் கவனிக்க வேண்டும். "கல்ப்" என்ற சொல்லைப் பெரிய காஃபில் அடித்தொண்டையிலிருந்து சொன்னால் இதயம், சின்னக் காஃபில் சொன்னால் நாய். மக்தபில் உஸ்தாத் பிரம்பை வைத்துக் கொண்டு மக்ரஜைத் திருத்தியது வீண் போகவில்லை என்று அங்கே போனவர்களுக்கு விளங்கும். ஆனால் பெரிய காஃபைப் பேச்சில் பல இடங்களில் "காந்தி" என்பதில் வரும் முதல் ஓசையாக ஆக்கிவிடுகிறார்கள். கஹ்வா அப்படித்தான் மாறி ஒலிக்கும். அதைக் கேட்டுப் பிழை என்று திருத்தப் போக வேண்டாம். அவர்கள் வீட்டுக் கோப்பி, அவர்கள் சொல்கிறபடியே இருக்கட்டும்.

கூப்பிடும் முறை இன்னொரு சங்கடம். வீட்டு எஜமானியை "மாமா" என்றும் எஜமானரை "பாபா" என்றும் பணிப்பெண்கள் அழைப்பது அங்கே பரவலான வழக்கம். நமக்கு மாமா என்றால் உம்மாவின் சகோதரர் அல்லது மாப்பிள்ளையின் வாப்பா. முப்பது வயதுப் பெண்ணைப் பார்த்து "மாமா" என்று கூப்பிட முதல் வாரம் நாக்கு எழும்பாது. பிறகு பழகிவிடும்.

வெளிநாட்டவரோடு பேசவென்றே அங்கே இன்னொரு அரபு முளைத்திருக்கிறது. "மாஃபி மஃலூம்" என்றால் தெரியாது. "நஃபர்" என்றால் ஆள். "ஸீதா" என்றால் நேரே போ, அது ஹிந்துஸ்தானியிலிருந்து வந்தது. "ஸேம் ஸேம்" என்றால் இரண்டும் ஒன்று, அது எங்கிருந்து வந்தது என்று நான் சொல்லத் தேவையில்லை. வினைச்சொல்லுக்குத் திரிபு இல்லை, ஆண்பால் பெண்பால் இல்லை, இஃராப் கிடையவே கிடையாது. ஆலிம்கள் இதைக் கேட்டுச் சிரிக்கிறார்கள். சிரிக்கலாம், ஆனால் இழிவாக நினைக்கலாகாது. சாரதி வேலைக்குப் போன நம் தம்பி இதை வைத்துக் கொண்டுதான் வழி கேட்கிறார், சம்பளம் கேட்கிறார். சம்பளம் கேட்கும்போது வரும் பதில் "புக்ரா, இன்ஷா அல்லாஹ்". புக்ரா என்றால் நாளை. அந்த ஒரு சொல்லை யாரும் கற்றுக் கொடுக்க வேண்டியதில்லை.

லெபனான் போகிறவர்களுக்கு மூன்றாவது பாஷையும் காத்திருக்கிறது. அந்நாடு முதலாம் உலக யுத்தத்துக்குப் பின் 1943 வரை பிரான்ஸின் பிடியில் இருந்தது. இன்றும் பெய்ரூத் வீடுகளில் நன்றி சொல்ல "மெர்ஸி" என்பார்கள், காலையில் "பொன்ஜூர்" என்பார்கள். மருந்துப் பெட்டிகளில் பிரெஞ்சு எழுத்தும் இருக்கும். ஷுக்ரன் மட்டும் படித்துப் போன பெண் திகைத்து நிற்பாள்.

வட்டம் என்றால் சைபர் அல்ல

இனி எழுத்துக்கு வருவோம். ஓதத் தெரிந்தவர்களுக்கு உண்மையான அனுகூலம் இங்கேதான். அரபு நாட்டில் விலைச்சீட்டு, வாகன இலக்கம், மருந்துப் போத்தல், வீட்டு இலக்கம் என்று பல இடங்களில் அரபு இலக்கங்களே இருக்கும். அதில் சைபர் வெறும் புள்ளி. ஐந்துதான் வட்டமாக நம் சைபரைப் போல இருக்கும். ஆறு, நாம் எழுதும் ஏழைப் போல இருக்கும். ஏழு, இரண்டு கோடுகள் கீழே சந்திக்கும் கூர்முனை. எட்டு அதையே தலைகீழாகக் கவிழ்த்தது. இவற்றை நாம் எங்கே பார்த்திருக்கிறோம்? முஸ்ஹபில், ஒவ்வொரு ஆயத்தின் முடிவிலும்! இந்திய அச்சு முஸ்ஹபுகளில் நாலும் ஆறும் சற்று வேறு வடிவம், மற்றவை பெரும்பாலும் அதேதான். யாஸீனை ஓதும்போது ஆயத்தின் இலக்கத்தையும் ஒரு மாதம் கவனித்துப் படித்த பிள்ளை, மருந்துப் போத்தலில் ஐந்து மில்லிலீட்டர் என்றிருப்பதைச் சைபர் என்று எண்ணி மயங்க மாட்டாள்.

திகதியும் ஒரு கணக்குத்தான். சவூதியில் இகாமா போன்ற பத்திரங்களில் ஹிஜ்ரித் திகதி இருக்கும். ஹிஜ்ரி வருடம் ஏறத்தாழ 354 நாள். நம் சுவர்க் கலண்டரில் 365. இரண்டு வருட ஒப்பந்தம் ஹிஜ்ரிக் கணக்கா, ஈஸவிக் கணக்கா என்பதில் ஏறக்குறைய 22 நாள் வித்தியாசம் வரும். ஒரு மாதச் சம்பளத்தில் முக்கால் பங்கு! ஒப்பந்தத்தில் எந்தக் கணக்கு என்று கேட்டுக் கொள்ளுங்கள். முஹர்ரம், ஸஃபர் என்று மாதங்களை வரிசையாகச் சொல்ல நம் பிள்ளைகளுக்குத் தெரியும், அதைக் காரியத்துக்குப் பயன்படுத்தத்தான் தெரியாமல் இருக்கிறது.

மற்ற அன்றாட விஷயங்கள் சில. பாலைவனம் என்றால் வெயில் மட்டும் என்று நினைத்துப் போகிறார்கள். றியாதில் மார்கழி, தை மாத இரவுகளில் பத்துப் பாகைக்கும் கீழே குளிர் இறங்கும். ஒரு கம்பளிச் சட்டை பெட்டியில் இருக்கட்டும். கோடையில் காற்று காய்ந்து மூக்கில் இரத்தம் வரும், குதிகால் வெடிக்கும். தேங்காய்ப்பாலும் கொச்சிக்காயும் இல்லாத கப்ஸாச் சோற்றை ஒரு வாரம் தின்றால் நாக்கு நம் ஊரைத் தேடும். றியாதில் பத்ஹா, ஜித்தாவில் ஷரபிய்யா பக்கம் போகும் வாய்ப்புள்ள ஆண்களுக்கு மலையாளிகளின் கடைகளில் கறிவேப்பிலை கிடைக்கும். வீட்டுக்குள்ளேயே இருக்கும் பெண்ணுக்கு அதுவும் இல்லை. துப்புரவு செய்யும் இரசாயனங்களில் கவனம் வேண்டும். வெளுப்பதற்கான "கிளோரக்ஸ்" எல்லா வீட்டிலும் இருக்கும். அதை மலசலகூடம் கழுவும் அமிலத்தோடு கலந்தால் நச்சுப் புகை எழும்பும். போத்தலில் எழுதியிருப்பதை வாசிக்கத் தெரியாவிட்டால் இரண்டை ஒன்றாக ஊற்றவே வேண்டாம்.

பழைய தகவல்களை நம்பிப் போவதும் ஆபத்து. வியாழனும் வெள்ளியும் விடுமுறை என்று பத்துப் பதினைந்து வருடத்துக்கு முன் போய் வந்தவர் சொல்வார். சவூதியில் அது 2013இல் வெள்ளி, சனி என்று மாறிவிட்டது. பெண்கள் வாகனம் ஓட்டுவது 2018இல் அனுமதிக்கப்பட்டது. 2024 ஒக்டோபரில் நடைமுறைக்கு வந்த சவூதியின் வீட்டுப் பணியாளர் விதிகளின்படி ஒரு நாளில் 10 மணித்தியாலத்துக்கு மேல் வேலை வாங்க முடியாது, வாரத்தில் ஒரு நாள் ஓய்வு உண்டு. கடவுச்சீட்டை எஜமானர் பறித்து வைத்திருப்பதும் குற்றம். குவைத்திலும் 2015ஆம் ஆண்டின் 68ஆம் இலக்கச் சட்டம் வீட்டுப் பணியாளருக்கு வாராந்த ஓய்வைத் தருகிறது. சட்டம் எழுத்தில் இருப்பது வேறு, நாலு சுவருக்குள் நடப்பது வேறு என்பதை நீங்கள் சொல்லாமலே அறிவேன். ஆனாலும் சட்டம் இருப்பதே தெரியாதவள் எதைக் கேட்பாள்?

மார்க்க விஷயத்திலும் ஒரு சொல். நாம் ஷாபிஈ மத்ஹபினர். சவூதியில் பெரும்பாலும் ஹன்பலி வழி. ஸுப்ஹில் குனூத் ஓத மாட்டார்கள், வேறு சில வித்தியாசங்களும் கண்ணில் படும். அங்கே இமாமைப் பின்பற்றித் தொழுதுவிட்டு வருவதில் தடையில்லை. ஊருக்குத் திரும்பியதும் அதை வைத்துக் கொண்டு பள்ளிவாசலில் சண்டை பிடிக்கத் தேவையும் இல்லை. பெருநாள் பலமுறை அங்கே ஒரு நாள் முந்தி வரும். உம்மா அங்கே ஈத் முபாரக் சொல்லும்போது பிள்ளைகள் இங்கே நோன்போடு இருப்பார்கள்.

தவாத்மியில் நடந்தது

இவ்வளவு நேரம் மோரும் ரொட்டியும் பேசினேன். மொழி தெரியாமை உயிர் வரைக்கும் போகும் என்பதை மூதூர் ரிசானா நபீக்கின் விடயத்தில் நாடே பார்த்தது. 2005ஆம் ஆண்டு அந்தப் பிள்ளை சவூதி போனாள். பிறப்புச் சான்றிதழின்படி வயது 17. கடவுச்சீட்டில் 23 என்று காட்டியிருந்தது. வீட்டு வேலைக்கென்று போனவளிடம் நாலு மாதக் கைக்குழந்தையும் ஒப்படைக்கப்பட்டது. போத்தல் பால் கொடுக்கும்போது குழந்தைக்குப் புரையேறி மூச்சடைத்தது என்றாள் ரிசானா. கழுத்தை நெரித்தாள் என்றது குழந்தையின் குடும்பம். போய்ச் சில வாரங்களே ஆகியிருந்த அவளிடம், தகுதியான தமிழ் மொழிபெயர்ப்பாளர் இல்லாமலே வாக்குமூலம் எடுக்கப்பட்டது. பிறகு அந்த வாக்குமூலத்தை அவள் மறுத்தாள். 2007இல் தவாத்மி நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது. முறையீடுகளும் கருணை மனுக்களும் பலனளிக்கவில்லை. 2013 ஜனவரி 9ஆம் திகதி தண்டனை நிறைவேற்றப்பட்டது. இன்னாலில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்.

அவள் ஓதத் தெரியாத பிள்ளையல்ல, நம் வீட்டுப் பிள்ளைகளைப் போன்ற ஒரு முஸ்லிம் பிள்ளை. அந்த அறையில் அவளுக்குத் தேவைப்பட்ட அரபு நாம் மக்தபில் கொடுத்து அனுப்பும் அரபு அல்ல. வயதை மாற்றி எழுதியவர், பயிற்சியில்லாமல் அனுப்பியவர், மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் விசாரித்தவர் என்று பொறுப்பாளிகள் பலர். அவர்களுக்கு அல்லாஹ்விடம் விசாரணை உண்டு. நம் பங்கு என்ன என்பதுதான் எனக்கு உறுத்துகிறது.

நம்மவரிடம் ஒரு பழக்கம் உண்டு. விளங்காவிட்டாலும் தலையை ஆட்டுவோம். பெரியவர் முன் "விளங்கவில்லை" என்று சொல்வதை மரியாதைக் குறைவாக எண்ணுவோம். அரபு நாட்டுப் பொலிஸாருக்கு முன் அந்தத் தலையாட்டல் "ஐவா" என்று, அதாவது ஆம் என்று, பதியப்படலாம். ஆகவே போகிற ஒவ்வொருவரும் மூன்று வசனத்தையாவது தூக்கத்திலும் சொல்லும்படி படித்துக் கொள்ள வேண்டும். "மா ஃபஹிம்த்" என்றால் எனக்கு விளங்கவில்லை. "அப்கா முதர்ஜிம் தமிழ்" என்றால் எனக்குத் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும். "அப்கா ஸபாரா ஸ்ரீலங்கா" என்றால் எனக்கு இலங்கைத் தூதரகம் வேண்டும். கைதான வெளிநாட்டவர் தம் நாட்டுத் தூதரகத்துக்கு அறிவிக்கும்படி கேட்கும் உரிமை, 1963ஆம் ஆண்டின் வியன்னா உடன்படிக்கையில் உள்ளது. விளங்காத தாளில் கையொப்பமோ பெருவிரலோ வைக்கக் கூடாது, அது சம்பளப் பற்றுச்சீட்டாக இருந்தாலும் சரி. றியாதில் நம் தூதரகமும் ஜித்தாவில் துணைத் தூதரகமும் இருக்கின்றன.

ஊரில் செய்யக்கூடியது

அந்நிய மொழியைக் கற்பது நம் மார்க்கத்துக்குப் புதிதல்ல. யூதர்களின் எழுத்தைக் கற்கும்படி நபி (ஸல்) அவர்கள் ஸைத் இப்னு ஸாபித் (ரலி) அவர்களைப் பணித்தார்கள். அவர் அரை மாதத்தில் கற்றுக் கொண்டார் என்று ஹதீஸில் வருகிறது. ஹபஷாவுக்கு ஹிஜ்ரத் செய்த குடும்பத்தில் அங்கேயே பிறந்து வளர்ந்த சிறுமி உம்மு காலித். அவள் மதீனா வந்தபோது நபியவர்கள் ஓர் உடையை அணிவித்து, அழகாயிருக்கிறது என்பதை ஹபஷிச் சொல்லிலேயே சொன்னார்களாம். வேற்று நாட்டில் வளர்ந்த பிள்ளையின் காதுக்குப் பழகிய சொல் எது என்று பார்த்துப் பேசிய அந்த அன்பை என்னவென்று சொல்வது!

வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் 1985ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தால் உருவானது. அது போகிறவர்களுக்குப் பயிற்சி தருகிறது, பதிவு செய்கிறது. 2022இல் வீட்டுப் பணிக்குச் செல்லும் பெண்ணின் குறைந்த வயது 21 என்றாக்கப்பட்டது. உப முகவர் ஒருவர் "பதிவு தேவையில்லை, விசிட் வீசாவில் போகலாம்" என்றால் அவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். முறைப்பாட்டுக்குப் பணியகத்தின் இலக்கம் 1989. ஆனால் பணியகத்தின் பயிற்சியோடு எல்லாம் முடிந்துவிட்டது என்று பள்ளிவாசல் நிர்வாகங்கள் கைகட்டி இருக்க முடியாது.

ஒவ்வொரு ஊரிலும் பத்து, பதினைந்து வருடம் அங்கே இருந்து திரும்பிய தாத்தாமார் இருக்கிறார்கள். மௌலவிகளை விட நன்றாக அரபு பேசுவார்கள். தொலைபேசியில் எஜமானியோடு சண்டை பிடிக்கும் அளவுக்குப் பேசுவார்கள்! அவர்களை யாரும் படித்தவர்களாக மதிப்பதில்லை, அவர்களும் "நம்மட அரபு உடைஞ்ச அரபு" என்று வெட்கப்படுகிறார்கள். அஸருக்குப் பின் குர்ஆன் மத்ரஸா மண்டபம் சும்மாதானே இருக்கிறது? போகவிருக்கும் பெண்களை அங்கே கூட்டி வைத்து, வாரத்தில் மூன்று நாள், இரண்டு மாதம் அந்தத் தாத்தாமார் பேச்சு சொல்லிக் கொடுக்கட்டும். சமையலறைச் சொற்கள், நோயாளிச் சொற்கள், குழந்தைச் சொற்கள், கோபத்தில் வரும் சொற்கள் எல்லாம் அவர்களிடம் இருக்கின்றன. இலக்கம் வாசிப்பது, மருந்துப் போத்தல் வாசிப்பது, ஹிஜ்ரித் திகதியைக் கணக்கிடுவது ஆகியவற்றை மௌலவி சொல்லிக் கொடுக்கட்டும். ஆண்களுக்கு இஷாவுக்குப் பின் வேறு வகுப்பு வைக்கலாம். இதற்குக் கட்டடமும் வேண்டாம், நன்கொடைப் புத்தகமும் வேண்டாம்.

வீட்டிலிருப்பவர்களுக்கும் வேலை உண்டு. முன்பெல்லாம் பிள்ளைகளின் குரலைக் கெஸட்டில் பதிந்து, ஊருக்கு வந்து திரும்புகிறவர் கையில் கொடுத்து அனுப்பினோம். உம்மா அங்கே கெஸட்டைத் தேயத் தேயக் கேட்பாள். இப்போது வட்ஸ்அப்பில் குரலை நொடியில் அனுப்பலாம். ஆனால் கைத்தொலைபேசியை எஜமானி வாங்கி வைத்துவிட்டால் எதுவும் இல்லை. அப்படிப்பட்ட நாளுக்காக வீட்டில் ஓர் உறை இருக்க வேண்டும். அதில் கடவுச்சீட்டின் பிரதி, ஒப்பந்தத்தின் பிரதி, முகவர் நிலையத்தின் அனுமதிப்பத்திர இலக்கம், எஜமானரின் முழுப் பெயர், தொலைபேசி இலக்கம், ஊர், தெரு எல்லாம் இருக்கட்டும். போய்ச் சேர்ந்த முதல் வாரத்திலேயே இவற்றைக் கேட்டு எழுதிக் கொள்ளுங்கள். பெயரைத் தமிழில் மட்டும் எழுதி வைத்தால் அங்கே தேடுகிறவருக்குப் பிரயோசனமில்லை. ஸாலிஹா, ஸாலிமா, ஹாமிதா, காலிதா எல்லாம் தமிழ் எழுத்தில் குழம்பிவிடும். அரபியிலும் எழுதி வைக்க வேண்டும். ஒப்பந்தத்தைக் கொண்டு போய்க் காட்டினால், ஊர் மௌலவிக்கு அந்த விபரங்களைப் பார்த்து எழுதிக் கொடுக்கப் பத்து நிமிடம் போதும்.